ஆளில்லாத இடத்தில் நாற்பத்தொரு புள்ளிகள்

பிரிக்பீல்ட்ஸ்
3 மார்ச் 2024

அன்பு உஷாராணிக்கு,

வாட்ஸ்அப்பில் என்னைத் தடுத்துவிட்டாய். ஆகவே தபால்.

உன் கிளினிக் கூட்டத்தில் என் வரைபடத்தைக் காட்டினேன். நாற்பத்தொரு சர்க்கரை நோயாளிகள், கிள்ளானுக்கு வெளியே ஒரே இடத்தில், அடர்சிவப்பாக. "அந்த எஸ்டேட்ட இடிச்சுப் பத்து வருசம் ஆச்சு லா. அங்க வேலியும் கொண்டோ வீட்டு விளம்பரமும்தான்" என்றாய். எல்லோரும் சிரித்தார்கள். "நர்ஸுக்கு வரைபடம் புரியாது" என்றேன். பள்ளியில் ஆறாம் படிவத்திலிருந்து கூட இருக்கும் சிநேகிதியிடம். மன்னித்துவிடு.

நோயாளிகளின் அடையாள அட்டையில், ஐசியில், உள்ள விலாசத்தைத்தான் புள்ளியாக வைத்தேன். ஆகஸ்டில் ஆய்வேட்டைக் கொடுக்க வேண்டும். 'தரவுக் குறைபாடு' என்று ஒரு வரி எழுதித் தாண்டிப் போ என்கிறார் பேராசிரியர்.

என் முதல் அத்தியாயம் இந்தத் துறையின் கதை. முதலில் மருத்துவப் புவியியல்: நோய் எங்கே, ஆஸ்பத்திரி எவ்வளவு தூரம். முப்பது வருஷங்களுக்கு முன் சிலர் கேட்டார்கள்: அங்கே வாழ்கிறவருக்கு அந்த இடம் என்ன? நலப் புவியியல் என்று துறையின் பெயரே மாறியது. அழகாக எழுதியிருக்கிறேன். ஆனால் யாரிடமும் போய்க் கேட்கவில்லை.

ஏன் ஒருவரும் விலாசத்தை மாற்றவில்லை?

கௌசலா


கிள்ளான்
19 மார்ச்

கௌசலா,

கோபம் போகல. கேட்டதால சொல்றேன்.

எஸ்டேட்ட விட்டு அனுப்பும்போது மாத்து வீடு தர்றோம்னு வாயால சொன்னாங்க. ஐசியில விலாசத்த மாத்தினா அந்த வீட்டக் கேக்கிற உரிமை போயிடும்னு எங்க ஆளுங்களுக்குப் பயம். அப்படி யாரும் சொல்லல. ஆனாலும் மாத்த மாட்டாங்க.

உன் நாப்பத்தொரு பேர்ல ஒருத்தர் அய்யாவு அங்கிள். இப்ப கோலாலம்பூர்ல, செந்தூல்ல, மக வீட்டுல. மாசாமாசம் மருந்துக்கு சென்ட்ரல் ஸ்டேஷன்ல ரயில் மாறி இங்கதான் வர்றார். "அங்கேயே கிளினிக் இருக்கே அங்கிள்"னேன். "அங்க ஊசி இருக்கு மிஸ்ஸி, நம்ம ஆளுங்க இல்லையே"ன்னார்.

இத எந்தக் கலர்ல போடுவே?

உஷாராணி


பிரிக்பீல்ட்ஸ்
6 ஏப்ரல்

உஷா,

'தரவுக் குறைபாடு' என்ற அந்த ஒரு வரியை எழுதவில்லை. அந்த வரைபடம் இருந்த மூன்றாம் அத்தியாயத்தையே எடுத்துவிட்டேன். தப்பான விலாசம் என்று நினைத்திருந்தேன். அது அவர்கள் விட்டுக்கொடுக்காத விலாசம்.

பேராசிரியர் இரண்டு நாள் முகம் கொடுத்துப் பேசவில்லை. பிறகு ஆறு மாதம் கூடுதல் அவகாசம் தந்தார்.

இனி ஆட்களிடம் பேச வேண்டும். நான் தனியாக வந்தால் கதவு திறக்காது. நீ கூட வருவாயா? வராவிட்டால் ஆய்வு நின்றுவிடும். ஆனால் அதற்காக மட்டும் வராதே.

கௌசலா


கிள்ளான்
21 ஏப்ரல்

கௌசி,

பன்னெண்டு பேர் சரின்னுட்டாங்க. அவங்கள்ல ரமணி அக்கா மட்டும், "போன்ல பதிவு பண்ணா வாயத் திறக்க மாட்டேன், வெங்காயம் உரிச்சுக் குடுத்தா பேசுறேன்"ங்கிறாங்க. நான் பக்கத்துல இருப்பேன். கேள்வி சரியில்லன்னா நிறுத்துவேன். ரெண்டாவது பேராசிரியர்னு நெனச்சுக்கோ.

ஒண்ணு சொல்லணும். அன்னிக்கு எல்லாரும் சிரிச்சாங்க, நான் சிரிக்கல. எனக்கும் சர்க்கரை. ரெண்டு வருசமாச்சு. அம்மாவுக்குக்கூடத் தெரியாது. என் ஐசியிலயும் எஸ்டேட் விலாசம்தான். அந்தச் சிவப்புக்குள்ள நின்னுக்கிட்டுதான் பேசினேன். நீ நேரா என்னப் பாத்து, புரியாதுன்னே.

சனிக்கிழமை ரெண்டு மணிக்கு டூட்டி முடியும். மொதல்ல என்கிட்ட கேளு.

உஷா