ஆடிப் பதினெட்டில் பிறந்தவர்கள்

என் ஆசை அண்ணனுக்கு,

நீ கண்ணை மூடிய பிறகு சண்டை போட ஆளில்லை. அதனால் இந்தச் சண்டையை எழுத்தில் போடுகிறேன். படிக்கிறவர்கள் படித்துக்கொள்ளட்டும்.

என் வேலை உனக்குத் தெரியும். மக்களுக்குக் கொடுத்த வாக்கைக் காப்பாற்றப் போதுமான கையிருப்பு இருக்கிறது என்று ஆயுள் காப்பீட்டு நிறுவனங்கள் ஆண்டுதோறும் அரசின் ஒழுங்குமுறை ஆணையத்துக்கு அறிக்கை தர வேண்டும். காப்பீட்டுக் கணிப்பாளரான எங்கள் ஆக்சுவரி மேடம் அந்தக் கையிருப்பைக் கணித்துக் கையெழுத்திடுவார். அதற்கான விவரங்களைச் சரிபார்ப்பவள் நான். விவரத்தில் குறை இருந்தால் அதையும் சொல்லியாக வேண்டும்.

இந்த வருடம் கொல்லிமலைப் பாலிசிகளைத் திறந்தேன். பாதிப் பேர் ஆகஸ்ட் மூன்றில், அதாவது ஆடிப் பதினெட்டில் பிறந்திருந்தார்கள். எல்லாம் ஏஜெண்டாக நீ எழுதியவை. பிறந்த நாள் தெரியாதவர்களுக்கெல்லாம் நீயே ஒரு நாள் வைத்துவிட்டாய். சிரித்துவிட்டேன்.

அப்புறம்தான் மலையடிவாரக் காளப்பநாயக்கன்பட்டி பஸ் ஸ்டாண்டில் நீ சொன்னது ஞாபகம் வந்தது. "மலை ஏறி எறங்கி இவங்க மொகம் முத்திப் போயிருக்குது அம்மிணி. பாத்தாத் தெரியற வயசுல நான் அஞ்சு வருசம் கழிச்சுத்தான் போடுவேன்." வயது குறைந்தால் தவணை குறையும், நாங்கள் ஒதுக்கும் கையிருப்பும் குறையும். ஆள் இறந்த பிறகு உண்மை வயது தெரிந்தால் குடும்பத்துக்கு வரும் தொகையை வெட்டுவார்கள். நல்லது என்று நினைத்துத்தானே செய்தாய்? என்னிடம் ஒரு வார்த்தை கேட்டிருக்கக் கூடாதா?

மேடத்திடம் சொல்வதை இரண்டு நாள் தள்ளிப்போட்டேன். சொன்னால் உன் பெயர் கெடும், மலைக்காரர்களைப் பொய்யர்கள் என்பார்கள். சொல்லாவிட்டால் போதாததைப் போதும் என்று மேடம் கையெழுத்திடுவார். மூன்றாம் நாள் போய்ச் சொன்னேன்.

"யார் எழுதினது?"

"எங்கண்ணனுங்க மேடம்."

மேடம் கோப்பைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டார். "வயசெல்லாம் தோராயம்னு அறிக்கையில எழுது. கையிருப்பைக் கூட்டி வைக்கலாம். உயிரோட இருக்கறவங்க இப்பவே வயசைத் திருத்தி, தவணையில குறைஞ்ச பணத்தைக் கட்டினா முழுத் தொகையும் நிக்கும். நீயே போயிட்டு வா."

போன சனிக்கிழமை மலையேறினேன். முதலில் செல்லாயி அக்கா வீடு. அவர் கணவர் போன மாதம் தவறிவிட்டார். மூத்த மகனின் பள்ளிச் சான்றை வைத்து அவர் வயதைப் பின்னோக்கி எண்ணினோம். நீ போட்டதைவிட ஆறு வயது கூட. "தொகை குறையுமுங்க அக்கா, தப்பு எங்கண்ணனோடது" என்று சொல்லும்போது எனக்கு அழுகை வந்துவிட்டது.

அக்கா சான்றை மடித்து என் கையில் வைத்தார். "அவரு எங்களுக்குக் கெடுதல் நெனைக்கல கண்ணு. இங்க உக்காந்து அழுதுட்டு இருக்காத. பக்கத்து ஊட்டு மாமனுக்குப் பத்து நாளா நெஞ்சு வலி. மொதல்ல அங்க போ."

போனேன் அண்ணா. மாமன் உயிரோடு இருக்கும்போதே சரியான வயதை எழுதி வாங்கிவிட்டேன். மீதி வீடுகளுக்கும் சனிக்கிழமைதோறும் போவேன், ஒரு வீட்டையும் விடமாட்டேன். போகிற இடமெல்லாம் உன்னை நல்லவன் என்கிறார்கள். அதைக் கேட்டுக்கொண்டு உன்மேல் எத்தனை நாள்தான் கோபமாக இருப்பேன்?

உன் கோபக்காரத் தங்கை,
அம்மிணி