மூச்சு வாங்கும் இடம்

அன்பு மகளுக்கு, அப்பா எழுதிக்கொள்வது.

நீயும் மாப்பிள்ளையும் சின்னவளும் நல்லபடியாக இருப்பீர்கள் என்ற நினைப்பில்தான் இதை எழுத உட்கார்ந்தேன். என் உடம்புக்கு ஒன்றும் இல்லை. முழங்கால் மட்டும் மாடிப்படியைக் கண்டாலே முகம் சுளிக்கிறது, மற்றபடி சாப்பிடுகிறேன், தூங்குகிறேன், கடைக்குப் போய் வருகிறேன். அதுதான் போனில் பேசுகிறோமே, கடிதம் எதற்கு என்று கேட்பாய். போனில் உன் முகத்தைப் பார்த்ததும் சொல்ல வந்தது மறந்துவிடுகிறது. சாப்டியாம்மா, சாப்ட்டேம்ப்பா, அங்க மழையா, இல்லப்பா வெயில், அதற்குள் சின்னவள் ஓடி வந்து கேமராவில் மூக்கைத் தேய்ப்பாள், அதோடு சரி. நீ வைத்த பிறகு வீடு முன்னைவிட இன்னும் அமைதியாகிவிடுகிறது. உன்னிடம் சொல்ல ஒரு விஷயம் இருக்கிறது. அதைப் போனில் சொன்னால் என் குரல் காட்டிக்கொடுத்துவிடும். கடிதம் என்றால் எழுந்துபோய் மூக்கைச் சிந்திவிட்டு வந்து விட்ட இடத்திலிருந்து எழுதலாம் பார்.

முதலில் வீட்டுச் சமாச்சாரம். லிஃப்ட் மறுபடியும் படுத்துவிட்டது, மூன்று மாடியும் நடைதான். சமையலறைக் குழாய்க்கு வாஷர் மாற்றினேன், இப்போது சொட்டவில்லை. உண்மையைச் சொன்னால் சொட்டும்போதே நன்றாக இருந்தது, ஏதோ சத்தம் கேட்டுக்கொண்டிருந்தது. சமைப்பது எப்போதும் இரண்டு பேருக்கு ஆகிவிடுகிறது. அரிசியை அளக்கிற கை என் பேச்சைக் கேட்பதில்லை, மிச்சத்தை மறுநாள் சூடு பண்ணிக்கொள்கிறேன். கட்டிலில் இன்னும் சுவர் ஓரமாகத்தான் படுக்கிறேன், நடுவில் வந்து படு என்று எனக்கே சொல்லிப் பார்த்தேன், தூக்கம் வரவில்லை. சாவிக் கடையில் வியாபாரம் சுமார். எல்லாரும் நம்பரை அமுக்கிக் கதவைத் திறக்க ஆரம்பித்துவிட்டார்கள், இருந்தாலும் நம்பரை மறக்கிறவன் இருக்கிறான், கடவுள் அவனை நன்றாக வைக்கட்டும்.

அன்றைக்கு உன் வகுப்பில் பரிணாமம் நடத்துவதைப் பற்றிச் சொல்லிக்கொண்டிருந்தாய் அல்லவா, நான் கோபித்துக்கொண்டேனே, அதற்கு வருகிறேன். உயிர் எல்லாமே நகல் எடுக்கிற வேலைதான், நகலில் பிழை வர்றதாலதான்ப்பா புதுசா ஒண்ணு முளைக்குது, பிழையே வரலைன்னா நீங்களும் நானும் இன்னும் புழுவாத்தான் நெளிஞ்சிட்டிருப்போம் என்றாய். எனக்குச் சுருக்கென்று ஆகிவிட்டது. ஆயுசு முழுக்கச் சாவிக்கு நகல் போட்டுச் சோறு தின்றவன் நான். அசல் சாவியைக் கொடுத்தால் மட்டும்தான் மிஷினில் ஏற்றுவேன், நகலைக் கொண்டுவந்து அதற்கு நகல் கேட்டால் முடியாது என்று திருப்பி அனுப்பிவிடுவேன். நகலுக்கு நகல் போட்டால் ஒவ்வொரு தடவையும் மயிரிழை தேயும், கடைசியில் ஒருத்தன் மழையில் நனைந்துகொண்டு தன் வீட்டு வாசலிலேயே நிற்பான். பிழையால் எது முளைத்ததோ எனக்குத் தெரியாது, என் கடையில் சண்டைதான் முளைத்திருக்கிறது. நீ சிரித்துக்கொண்டே, பூட்டுக்குப் பொருந்துற பிழை நிக்கும், பொருந்தாதது குப்பைக்குப் போகும், அவ்வளவுதான்ப்பா என்றாய். மாப்பிள்ளை பின்னால் இருந்து, மாமா சொல்றதுதான் சரி என்று எனக்குப் பரிந்துகொண்டு வந்தார், அவருக்கு விவரம் போதாது, ஆனால் நல்ல மனுஷர்.

அதற்குப் பிறகு கடையில் சும்மா உட்கார்ந்திருக்கிற நேரமெல்லாம் நீ சொன்னதையே நினைத்துக்கொண்டிருந்தேன். குளிரில் நமக்கு ரோமம் சிலிர்க்கிறதே, அது உடம்பு முழுக்க ரோமம் இருந்த காலத்தின் வேலை, ரோமம் போய்விட்டது, சிலிர்ப்பு மட்டும் மிச்சம் என்று சொன்னாய் அல்லவா. ஒரு டாக்டர் தன் கார் சாவியைக் கொண்டுவந்தார். அதில் சாவியே இல்லை, பொத்தான்தான், பையில் வைத்திருந்தாலே கார் திறந்துகொள்கிறது. ஆனால் வளையம் மாட்ட ஓட்டை இருக்கிறது, அந்த மனுஷர் வளையத்தை விரலில் மாட்டிச் சுற்றிக்கொண்டே பேசுகிறார். பொத்தானுக்கு மேலே பார்த்தால் சாவிப் படம். இதுவும் அந்தச் சிலிர்ப்பு மாதிரிதானே என்று தோன்றியது. உன்னிடம் ஒப்புக்கொள்ள மனம் வரவில்லை, அதனால் போனில் சொல்லவில்லை.

எதிர் வீட்டு நர்ஸம்மாவின் பழைய பூட்டு உனக்கு நினைவிருக்கும். சாவியைக் கொஞ்சம் மேலே தூக்கிப் பிடித்துத் திருப்பினால்தான் திறக்கும். அதைக் கழற்றிப் புதுப் பூட்டு போட்டதே நான்தான், வெண்ணெய் மாதிரி திரும்பும். அதற்கெல்லாம் பிறகு அந்த வீட்டுக்கு மருமகள் வந்தாள். அந்தப் பெண்ணும் சாவியைத் தூக்கிப் பிடித்துத்தான் திறக்கிறாள். ஏம்மா தூக்குற, சும்மா திருப்பினாலே போதுமே என்றேன். என்னை ஒரு மாதிரி பார்த்துவிட்டு, இல்ல அங்கிள், இது அப்படித்தான் திறக்கணும் என்றாள். மாமியார் சொன்னதில் அவள் மறுபேச்சில்லாமல் கேட்டுக்கொண்டது இது ஒன்றாகத்தான் இருக்கும். அவள் பார்த்தே இராத ஒரு பூட்டை அந்தக் கை தினமும் திறந்துகொண்டிருக்கிறது. அன்றைக்குச் சிரித்தேன், வீட்டுக்குள் வந்து கதவைச் சாத்திய பிறகு ஏனோ சிரிப்பு நிற்கவில்லை, அப்புறம் நின்றுவிட்டது.

இனி சொல்ல வந்ததைச் சொல்கிறேன். அம்மா போனதிலிருந்து நீ என்னை அங்கே வரச் சொல்கிறாய், நான் ஒவ்வொரு தடவையும் ஒரு சாக்கு வைத்திருக்கிறேன். கடை, முழங்கால், குளிர் ஒத்துக்கொள்ளாது, வீட்டைப் பூட்டிப் போட்டால் கரையான் வரும். நீயும் நம்புகிற மாதிரி நடிக்கிறாய். நிஜக் காரணம் சமையலறை ஜன்னலுக்கு மேலே காற்றோட்டத்துக்கு விட்ட ஓட்டையில் குடியிருக்கிறது. உன் அம்மாவுக்கு இரைப்பு, உரக்கக் கூப்பிட வராது. நீ கீழே விளையாடிக்கொண்டிருப்பாய், இவள் பால்கனியில் நின்று விசில் அடிப்பாள். சின்னதாக இரண்டு, நீளமாக ஒன்று. பொம்பளை விசிலடிக்கலாமா என்று யாரோ கேட்டதற்கு, கத்தத்தான் மூச்சு பத்தல, ஊதப் பத்தும் என்றாள். உங்கம்மா ரயில் விட்டாச்சுடி என்று உன் சிநேகிதிகள் கேலி செய்வார்கள், நீ செருப்பைக் கையில் தூக்கிக்கொண்டு ஓடி வருவாய். அந்த ஓட்டையில் கூடு கட்டிய மைனாவுக்குத் தலையில் இறகு கிடையாது, மொட்டையன் என்று அவள் பெயர் வைத்திருந்தாள். அவன் அந்த விசிலைப் பிடித்துக்கொண்டான். நீ படிக்கப் போன பிறகு கூப்பிட ஆள் இல்லாமல் அவள் நிறுத்திவிட்டாள், அவன் நிறுத்தவில்லை.

அவள் போய், வந்தவர்கள் எல்லாம் ஊர் திரும்பி, நீயும் விமானம் ஏறிய மறுநாள் காலையில் சமையலறைப் பக்கமிருந்து விசில் கேட்டது. நான் பல் தேய்த்துக்கொண்டிருந்தேன், வாயில் நுரையோடு ஓடினேன். அதைப் பற்றி மேலே எழுத மாட்டேன். அவள் குரல் எதிலும் பதிவாகவில்லை என்று உனக்கே தெரியும், போனைத் தூக்கினாலே வாயை மூடிக்கொண்டு கையை ஆட்டுவாள். அவளுடையது என்று காதில் கேட்க இந்த உலகத்தில் மிச்சமிருப்பது அந்த ஓட்டையில் மட்டும்தான், நான் கிளம்பிவிட்டால் அதைக் கேட்க ஆள் இருக்காது என்று நினைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். அசலுக்குக் காவல் இருக்கிறேன் என்று ஒரு நினைப்பு, வேறென்ன.

இந்த மழைக்குப் பிறகு மொட்டையனைக் காணவில்லை. அவன் குஞ்சுகள் பெரிதாகி அதே ஓட்டையில்தான் இருக்கின்றன, அவையும் விசிலடிக்கின்றன, ஆனால் கடைசி நீள ஓசையைக் கெடுத்து வைத்திருக்கின்றன. தண்ணீர் லாரி பின்னால் வரும்போது ஒரு பாட்டுப் போடுமே, அந்த இழுப்பு அதில் வந்து ஒட்டிக்கொண்டது. எனக்குத் தாங்கவில்லை. பால்கனியில் நின்று சரியாக அடித்துக் காட்ட ஆரம்பித்தேன், அவை தலையைச் சாய்த்துப் பார்த்துவிட்டு மறுபடி லாரியை ரிவர்ஸ் எடுக்கின்றன. நான் விடவில்லை, தினமும் அதே வேலை. ஒருநாள் வாட்ச்மேன் மூச்சிரைக்க மேலே வந்து, ஐயா, கூப்ட்டீங்களா என்றார். விஷயத்தைச் சொன்னேன். அவர் தயங்கித் தயங்கி, ஐயா தப்பா நினைக்காதீங்க, நீங்க அடிக்கிறதும் அம்மா அடிக்கிற மாதிரி இல்லையே, அம்மா கடைசில மேல ஏத்துவாங்க என்றார். துணி கொடுக்க மேலே வந்த இஸ்திரி வண்டிக்காரர் அதைக் கேட்டுவிட்டு, யாருய்யா சொன்னது, கீழதான் இறக்குவாங்க, நான் எத்தனை வருஷம் கேட்டிருக்கேன் என்று சண்டைக்கு வந்தார். இரண்டு பேரும் என் முகத்தைப் பார்த்தார்கள். ஏறுமா இறங்குமா என்று எனக்குத் தெரியவில்லை மகளே. அவளோடு அத்தனை வருஷம் குடித்தனம் நடத்தியவன் நான். உள்ளே வந்து அவள் நின்ற இடத்தில் நின்று எல்லா விதமாகவும் அடித்துப் பார்த்தேன், எல்லாமே சரி மாதிரி இருந்தது, எதுவுமே அவளாக இல்லை. அன்றைக்குக் கடைக்குப் போகவில்லை. அவள் இரண்டாம் தடவை செத்த மாதிரி இருந்தது, இந்தத் தடவை துக்கம் கேட்க யாரும் வரவில்லை.

உன்னைக் கேட்டுவிடலாம் என்றுதான் ஞாயிற்றுக்கிழமை போன் செய்தேன். நீ குளித்துக்கொண்டிருந்தாய், சின்னவள்தான் எடுத்தாள். அம்மா எங்கே என்று கேட்டதற்கு, இரு தாத்தா என்று போனைச் சோபாவில் சாய்த்துவிட்டு, குளியலறைப் பக்கம் திரும்பி விசிலடித்தாள். நீ அவளை அப்படிக் கூப்பிடுவது எனக்குத் தெரியாது, நீ சொன்னதே இல்லை. கடைசி ஓசை ஏறவும் இல்லை, இறங்கவும் இல்லை. விழுந்த பல் இடுக்கில் வெறும் காற்றாகப் போய்ச் சிரிப்பில் முடிந்தது. இதுவும் போச்சா என்றுதான் முதலில் நினைத்தேன். அவள் மறுபடி அடித்தாள். அப்போதுதான் பார்த்தேன். சின்னதாக இரண்டு அடித்துவிட்டு நிறுத்துகிறாள், தோள் இரண்டும் மேலே போகிறது, மூச்சை இழுக்கிறாள், அதற்குப் பிறகுதான் மூன்றாவது. ஆறு வயதுக் குழந்தை, நாள் முழுக்க ஓடினாலும் களைக்காத நெஞ்சு, அவளுக்கு அங்கே மூச்சு வாங்க என்ன தேவை. நீ வந்து போனை எடுத்தாய், ஏன்ப்பா கண்ணு கலங்கியிருக்கு என்றாய், வெங்காயம் நறுக்கினேன் என்றேன். ஞாயிற்றுக்கிழமை நான் சமைக்கவே இல்லை.

மறுநாள் ஜன்னலைத் திறந்து வைத்துக்கொண்டு காத்திருந்தேன். லாரிப் பாட்டுப் பாடுகிற அந்தப் போக்கிரிகளும் அதே இடத்தில் நிற்கின்றன. இரண்டு, அப்புறம் ஒரு கணம் ஒன்றும் இல்லை, அதற்குப் பிறகு மூன்றாவது. இத்தனை நாளும் ஓசையைத்தான் கேட்டிருக்கிறேன், இந்த ஒன்றுமில்லாததைக் கேட்கவே இல்லை. இரைப்புக்கு மருந்து ஊதிக்கொண்டிருந்த ஒருத்திக்கு மூச்சு போதாமல் போன இடம் அது. அதை அவள் யாருக்கும் சொல்லித்தரவில்லை, தெரிந்திருந்தால் மறைத்திருப்பாள். பார்த்துப் பார்த்துக் காப்பாற்றியது ஆளுக்கு ஒரு விதமாகப் போய்விட்டது, தெரியாமல் கொடுத்தது அப்படியே நிற்கிறது. உன் வகுப்பில் இதற்கு ஏதாவது பெயர் இருக்கும், எனக்கு வேண்டாம். அந்த நகல் சண்டையில் நீ ஜெயித்தாய் என்று மட்டும் எழுதிவிடுகிறேன், மாப்பிள்ளைக்குச் சொல்லாதே.

காவல் காக்க இங்கே ஒன்றும் இல்லை என்று இப்போது தெரிகிறது. நீ எனக்கு டிக்கெட் எடு. திரும்பி வருவதற்கும் சேர்த்தே எடு, கொஞ்ச நாள் இருந்து பார்க்கிறேன், இந்த வீடும் அவ்வளவு சீக்கிரம் என்னை விடாது. சின்னவளுக்குத் தாத்தாவின் முத்தம். மாப்பிள்ளை வெயிலில் அலைய வேண்டாம். நீ வேலை வேலை என்று சாப்பாட்டைத் தள்ளிப்போடாதே, உனக்கும் அம்மா நெஞ்சுதான், குளிர் வந்தால் காதை மூடிக்கொள். நீங்கள் மூன்று பேரும் நோய் நொடி இல்லாமல் நீண்ட நாள் இருக்க வேண்டும், அப்பாவின் ஆசி எப்போதும் உண்டு.

ஒன்றே ஒன்று மறக்காதே. ஏறுமா இறங்குமா என்று நான் கேட்கவில்லை, நீயும் சொல்ல வேண்டாம். சின்னவளையும் திருத்தாதே. வளர்ந்த பிறகு என்றைக்காவது, நடுவில் ஏன் நிறுத்துகிறோம் என்று கேட்டால் நோயைப் பற்றியெல்லாம் சொல்லிக்கொண்டிருக்காதே. அது அப்படித்தான் அடிக்கணும் என்று சொல், போதும். நேற்று பால்கனியில் நின்று நானும் ஒரு தடவை அடித்துப் பார்த்தேன். எனக்கு இரைப்பு கிடையாது, நெஞ்சில் ஒரு குறையும் இல்லை என்று டாக்டரே சொல்லியிருக்கிறார். நானும் அங்கேதான் நின்று மூச்சு வாங்குகிறேன்.

இப்படிக்கு,
உன் அப்பா