பொடித் தையல்

புரட்டாசி 2, வெள்ளி

காலையிலிருந்தே புழுக்கம். பஸ் இல்லை, பால் இல்லை. இடஒதுக்கீடு கேட்டு நடக்கும் சாலை மறியலுக்குப் போன என் வீட்டுக்காரரை நேற்று போலீஸ் வண்டியில் ஏற்றிக்கொண்டு போனார்கள். கடலூர் என்கிறார் ஒருத்தர், வேலூர் என்கிறார் இன்னொருத்தர்.

தார்ப்பாய், கேன்வாஸ் எல்லாம் அவர் வேலை. மாமனார் காலத்துப் பெரிய மெஷின், அவர்தான் மிதிப்பார். எனக்கு ரவிக்கை, பாவாடை, சின்ன மெஷின். இன்று ஊரில் மாட்டிக்கொண்ட நெல் லாரி டிரைவர் கிழிந்த தார்ப்பாயோடு வந்து நின்றார். மழை வந்தால் மூட்டை எல்லாம் நாசம் என்று கெஞ்சல். பெரிய மெஷினில் உட்கார்ந்தேன். 21 நம்பர் தடி ஊசி. நூலுக்கு மெழுகு. தையல் அளவுத் திருகைக் குறைத்து, ரவிக்கைக்குப் போடுவதுபோல் பொடித் தையல். நெருக்கிப் போட்டால்தானே கெட்டி. தொடை இரண்டும் விட்டுப்போச்சு. ஆனாலும் என்ன அழகாக விழுந்திருக்கிறது! அவர் பார்க்க வேண்டும்.

3, சனி

கல்வராயன் மலையிலிருந்து வெள்ளையன் வந்தார். எங்களிடம் சாமை காயவைக்கத் தார்ப்பாய் வாங்குகிறவர். அடிவாரத்துக் கச்சிராயபாளையத்திலிருந்து நடை. மகளுக்கு நிறைமாதம். மூங்கிலில் போர்வையைக் கட்டித்தான் மலையிலிருந்து ஆளைத் தூக்கி வருவார்கள். போன தடவை போர்வை நழுவிவிட்டதாம். அதனால் கேன்வாஸில் தூளி வேண்டும், மூங்கில் நுழைய இரண்டு ஓரமும் மடித்துத் தைத்து.

அதே பொடித் தையல், இரண்டு வரிசை. இழுத்துப் பார்த்துச் சிரித்தார். சோறு போட்டேன். ரசம் மட்டும்தான்.

5, திங்கள்

நேற்று சாயங்காலம் நல்ல மழை. டிரைவர் தார்ப்பாயைத் திரும்பக் கொண்டுவந்தார். தண்ணீர் தேங்கி, என் தையல் ஓரமாகவே நீட்டுக்குக் கிழிந்திருக்கிறது.

"இன்னாக்கா இது? துணி நல்லாத்தான் கீது. ஊசி குத்துன எடத்துலயே ஸ்டாம்பு கிழிச்சாப்புல வந்துகினு கீது."

ஓட்டைக்குப் பக்கத்திலேயே ஓட்டை. ரவிக்கைத் துணி வேறு, இது வேறு. திருகைத் தொடாதே, தொடாதே என்று வீட்டுக்காரர் கத்துவதெல்லாம் திமிர் என்றே நினைத்திருந்தேன்.

அப்புறம்தான் தூளி ஞாபகம் வந்தது. அதுவும் இதே தையல்.

செய்ய வேண்டியது:
அரிசி
மண்ணெண்ணெய்
அவர் எங்கே என்று விசாரிக்க
வெள்ளையனுக்கு எப்படியாவது சொல்லி அனுப்ப

6, செவ்வாய்

கச்சிராயபாளையம் ரோட்டில் ஒரு மணி நேரம் நடந்தேன். குறுக்கே மறியல்காரர்கள் வெட்டிப் போட்ட புளியமரம். தாண்டிப் போனால் இன்னொன்று, பக்கத்தில் போலீஸ். தூளி, தையல் என்று நான் சொன்னதை அந்த ஆள் காதிலேயே போட்டுக்கொள்ளவில்லை. வூட்டுக்குப் போம்மா என்று விரட்டினார். திரும்பினேன். செருப்பு வார் அறுந்தது. அழுகைகூட வரவில்லை, அவ்வளவு அசதி.

7, புதன்

அரிசி கிடைத்தது. அவர் கடலூரில்தான் இருக்கிறாராம். மலையிலிருந்து ஒரு ஆளும் வரவில்லை. சின்ன மெஷினில்கூட உட்காரப் பிடிக்கவில்லை.

8, வியாழன்

வெள்ளையன் வந்தார், கக்கத்தில் தூளி. பாதி மலை இறங்கும்போது ஒரு பக்கம் விட்டுப்போச்சாம். மகள் பாறையில் விழுந்து கை முறிந்துவிட்டது. அப்புறம் முதுகில் சுமந்தே இறக்கி, மாட்டுவண்டியில் இங்கே பெரியாஸ்பத்திரிக்கு. பெண் குழந்தை. இரண்டு பேரும் பிழைத்துக்கொண்டார்கள்.

என்னைத் திட்டத்தான் வந்தார் என்று நினைத்தேன். இல்லை. பாதி வழியாவது தாங்கியதே என்றார். "இன்னும் பொடியா, நாலு வரிசை போட்டுக் குடுங்கம்மா."

பேசாமல் வாங்கி வைத்திருக்கலாம். திருகைத் திருப்பிப் பெரிய தையலாகப் போட்டுக் கொடுத்தால் யாருக்குத் தெரியப்போகிறது? மனசு கேட்கவில்லை.

"பொடியா தச்சதுனாலதாங்க கிழிஞ்சுது. தெரியாம நான் பண்ண தப்பு. உங்க பொண்ணு விழுந்தது என்னாலதான்."

கிழிந்த ஓரத்தை விரலால் தடவிப் பார்த்தார். தூளியை எடுத்துக்கொண்டு கிளம்பிவிடுவார் என்று பார்த்தேன். என் மடியில் வைத்தார்.

"பெருசாவே போடுங்க. மலை மேல இன்னொரு பொண்ணுக்கு எட்டு மாசம்."

பழைய ஓரத்தை வெட்டிவிட்டு, திருகை அகலமாகத் திருப்பித் தைத்தேன். முடியும்வரை அவர் எதிரிலேயே குந்தி, விழுகிற ஒவ்வொரு தையலையும் பார்த்துக்கொண்டிருந்தார்.