பீரங்கிக் கல்லுக்கு வைத்த பூ

விரலில் இன்னும் பாசி வாடை போகவில்லை. காலையில் கடலோரக் கோட்டைக்குப் போய், அந்தக் கல்லில் வெட்டியிருப்பதைத் தடவித் தடவிப் படித்துவிட்டு வந்தேன். ஆமாம், நான்தான் படித்தேன். கோயில் மண்டபத்தில் பெரியவர்களுக்கு நடக்கும் மாலை வகுப்பில் தமிழும் ஆங்கில எழுத்தும் கற்றுக்கொண்டேன். இப்போது சூலியா தெருவில் கடைப் பலகைகளை வாய்விட்டுப் படித்துக்கொண்டே நடக்கிறேன். இந்த மடலையும் நானேதான் எழுதுகிறேன், மெதுவாக. நீ உயிரோடு இருந்து பார்த்திருக்க வேண்டும். இருந்திருந்தால் உன் சட்டையைப் பிடித்திருப்பேன்.

அந்தக் கோட்டையில் நாம் இருவரும் கூலிக்குப் புல் வெட்டிய காலம் உனக்குத் தெரியும். வெள்ளைக்காரன் அதைக் கட்டியபோது மண் சுமக்கப் போன என் அப்பா திரும்பவே இல்லை. எங்கே புதைத்தார்கள் என்று யாரும் சொல்லவில்லை. புல் வெட்டும் இடத்திலெல்லாம் நான் தேடுவேன். ஒரு நாள் புதருக்குள் முழங்கால் உயரத்தில் ஒரு கல் தெரிந்தது. ரப்பர் தோட்டத்துப் பள்ளியில் மூன்றாம் வகுப்பு வரை படித்தவன் நீ. குனிந்து பார்த்தாய்.

“டேய், இதான்டா உங்கப்பன் கல்லு. பேரு வெட்டியிருக்கான்.”

“நல்லாப் பாருடா.”

“படிச்சவன் நானா, நீயா? கும்புடு லா.”

கும்பிட்டேன். ஆடி அமாவாசைதோறும் பூ வைத்தேன். அம்மாவையும் அழைத்து வந்தேன். கல்லைக் கட்டிக்கொண்டு அவள் அழுதபோது தேங்காய் உடைத்துக் கொடுத்தவன் நீ.

இன்று அப்பாவின் பெயரை என் கண்ணாலேயே படிக்கப் போகிறேன் என்று புதுச்சட்டை போட்டுக்கொண்டு போனேன். ஓர் அம்புக்குறி, ஓர் எழுத்து, சில எண்கள். அவ்வளவுதான். காவல்காரத் தம்பியைக் கூப்பிட்டுக் கேட்டேன்.

“இதுவா அங்கிள்? பீரங்கிய எந்தப் பக்கம் திருப்பணும்னு அளந்து நட்ட கல்லு. யாரோ கிறுக்கன் இதுக்குப் பூ வேற வெச்சிட்டுப் போறான்.”

என் மனசு ஆறட்டும் என்று நீ அன்று பொய் சொல்லியிருக்கலாம். அதற்காக உன்னை மன்னிக்க முடியாது. உன் பேச்சை நம்பி நானும் அம்மாவும் தேடுவதையே விட்டுவிட்டோம். அப்பாவோடு மண் சுமந்த கிழவர்கள் அப்போது உயிரோடு இருந்தார்கள். ஒருவரைக்கூடப் போய்க் கேட்கவில்லை. இன்று கேட்க யாரும் இல்லை. திட்ட நீயும் இல்லை.

வகுப்பில் நான் முதலில் எழுதிப் பழகியது அப்பாவின் பெயரைத்தான். தப்பில்லாமல், அழகாகவே எழுதுகிறேன். அதை எந்தக் கல்லில் எழுதுவது, சொல்லுடா.