ஹெலினா சாப்பிட்ட ஆறு பூரி

கள்ளிக்குப்பம், அம்பத்தூர்
சனிக்கிழமை

அன்பு மகன் மேக்ஸ்வெல்லுக்கு டாடி எழுதுவது. நீயும் ரேஷ்மாவும் குட்டியும் ஆண்டவர் கிருபையால் சுகமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். இங்கே எனக்கும் அம்மாவுக்கும் உடம்புக்கு ஒரு குறையும் இல்லை, அதை எழுதவே கூச்சமாக இருக்கிறது. தினமும் வீடியோவில் பார்க்கிறோமே, எதற்குக் கடிதம் என்று கேட்பாய். போன் எடுத்தால் உன் தங்கச்சி ஹெலினா பக்கத்திலேயே இருக்கிறாள், அம்மா தோளுக்கு மேல் எட்டிப் பார்க்கிறாள், அவர்கள் முன்னால் இதைச் சொல்ல எனக்கு வாய் வரவில்லை. நம் தெருவை மறுபடியும் தோண்டிப் போட்டுவிட்டார்கள். பக்கத்து வீட்டுக் கோவிந்தராஜ் வேப்பம்பட்டில் வீடு கட்டிக் குடிபோய்விட்டான். பார், சுற்றி வளைக்கிறேன். விஷயத்துக்கு வருகிறேன்.

அம்மாவின் கிட்னியை உன் தங்கச்சிக்கு வைத்து மூன்று வருடம் ஆனது உனக்குத் தெரியும். அந்த மூன்று வருடமும் நான் இந்த வீட்டை எப்படிக் காத்தேன் என்பதும் தெரியும். வாசலில் கயிறு கட்டிச் சானிடைசர் பாட்டிலைத் தொங்கவிட்டேன், அதைத் தொடாமல் போதகரையே உள்ளே விடவில்லை. கோவிந்தராஜ் ஒருநாள், மச்சான், உன் ஊட்டுக்கு வர்றதுக்கு விசா வாங்கணும் போலக்கீதே என்று சிரித்தான், போடா என்று அனுப்பிவிட்டேன். காலை எட்டுக்கும் ராத்திரி எட்டுக்கும் மாத்திரையை நான்தான் என் கையால் எடுத்து அவள் வாயில் போடுவேன். அவளுக்கு முப்பது வயசு ஆகிறது, என்ன டாடி நான் இன்னா கைக்குழந்தையா என்பாள், ஆனாலும் வாயைத் திறப்பாள். ஒரு வேளைகூடத் தவறவிட்டதில்லை என்று எனக்கு அப்படி ஒரு பெருமை.

இப்போது சொல்லப் போவதை நீ உட்கார்ந்து படி. சபையில் அறுப்பின் பண்டிகைக்கு முந்தின நாள் சாயங்காலம் எனக்கு வயிறு போனது. நாலைந்து தடவை போனேன், ஒரு தடவை வாந்தியும் எடுத்தேன். யாரிடமும் சொல்லவில்லை. சொன்னால் அம்மா விருந்துக்கு விடமாட்டாள், ஹெலினா பக்கத்திலும் விடமாட்டாள். இருபது வருடமாகப் பண்டிகை ஆராதனை முடிந்து போடும் அன்பின் விருந்தில் சாம்பார் வாளி என் கையில்தான். மெடிக்கலில் ஒரு மாத்திரை வாங்கி விழுங்கினேன், நின்றுவிட்டது. ஞாயிறு காலையில் சானிடைசரை வழிய வழிய ஊற்றித் தேய்த்துக்கொண்டு அவள் வாயில் மாத்திரையைப் போட்டேன், சபைக்குப் போய்ப் பந்தியும் பரிமாறினேன். அந்த வாரம் சபையில் ஏழெட்டுப் பேருக்கு வயிறு போனது. இரண்டு நாள் படுத்தார்கள், மூன்றாம் நாள் எழுந்து, கத்தரிக்காய்தான் கெட்டுப்போச்சு என்று சமையல்காரனைத் திட்டினார்கள். ஹெலினா விருந்துக்கே வரவில்லை, அதனால் யாரும் இதையும் அவளுக்கு வந்ததையும் முடிச்சுப் போடவில்லை.

செவ்வாய்க்கிழமை விடியும்போது அவளுக்கு ஆரம்பித்தது. வாந்தி ஒரு வாரத்தில் நின்றது, பேதி நாலு மாதம் நிற்கவில்லை மேக்ஸ்வெல். ஆஸ்பத்திரியில் சேர்த்த அன்றைக்கே டாக்டரம்மா கேட்டார்கள், வீட்டுல யாருக்காவது வாந்தி, பேதி இருந்துச்சா என்று. பக்கத்தில் அம்மா நிற்கிறாள். யாருக்கும் இல்லைங்கம்மா என்றேன். அவர்கள் அதை நம்பி, மாத்திரையால் வந்திருக்கும் என்று ஒவ்வொன்றாய் மாற்றிப் பார்த்தார்கள், வேறு என்னென்னவோ தேடினார்கள். பன்னிரண்டு நாள் கழித்துத்தான் மலத்தைச் சோதித்து, வாந்தி பேதி வரவைக்கும் ஒரு வைரஸைக் கண்டுபிடித்தார்கள். நமக்கு வந்தால் இரண்டு நாளில் போய்விடும், இவளைப் போல எதிர்ப்புச் சக்தியை மாத்திரை போட்டு அடக்கி வைத்திருப்பவர்களிடம் போகவே போகாதாம். அது போக வேண்டுமென்று மாத்திரையைக் குறைத்தார்கள். குறைத்ததும் அவள் உடம்பே அம்மாவின் கிட்னியைத் தாக்க ஆரம்பித்துவிட்டது. ஐம்பத்திரண்டு கிலோ இருந்தவள் முப்பத்தொன்பது ஆனாள். போன மாதம் டயாலிசிஸுக்குத் திரும்பினோமே, அதற்குக் காரணம் இதுதான். நர்ஸம்மா ஒருத்தி என் கையில் இருந்த பாட்டிலைப் பார்த்துவிட்டு, ஐயா, இந்தக் கிருமிக்கு அது சரியா வேலை செய்யாது, சோப்புப் போட்டுத் தண்ணியில தேய்ச்சுக் கழுவணும் என்றாள். மூன்று வருடம் கட்டிக் காத்தவனுக்கு அது தெரியவில்லை.

இதோடு போகவில்லை. பண்டிகைக்குப் பத்து நாள் முன்னால் ஹெலினா வேலையிலிருந்து வரும்போது ஸ்டேஷன் வாசலில் யாருக்கும் தெரியாமல் ஒரு பிளேட் பானி பூரி சாப்பிட்டிருக்கிறாள். ஆஸ்பத்திரியில் பயந்துபோய் அவளே அழுதுகொண்டு சொல்லிவிட்டாள். அன்றிலிருந்து அம்மா அவளிடம் முகம் கொடுத்துப் பேசவில்லை. என் வவுத்த அறுத்துக் குடுத்தத பானி பூரிக்குத் தொலைச்சிட்டியேடி என்று ஒருநாள் வார்டில் அத்தனை பேர் முன்னால் கத்தினாள். ஆமாம்மா, தப்புதாம்மா என்று ஹெலினா போர்வையை இழுத்து மூடிக்கொண்டாள். இந்தக் கிருமி இரண்டொரு நாளில் காட்டிவிடும், பத்து நாள் முன்னால் தின்ற பூரி காரணமாக இருக்காது என்று டாக்டரம்மா என்னைத் தனியாகக் கூப்பிட்டுச் சொன்னார்கள். அதையும் விழுங்கிவிட்டேன். வீட்டுக்கு வந்து சொல்லியிருந்தால் அப்புறம் யார் என்று கேள்வி வரும் அல்லவா. உன் அப்பன் இவ்வளவு கோழை என்று நானே நினைக்கவில்லை.

போன செவ்வாய்க்கிழமை டயாலிசிஸ் முடிந்து ஆட்டோவில் வந்தோம். ஸ்டேஷன் அருகே அந்தப் பானி பூரித் தள்ளுவண்டி நின்றது. அவள் முகத்தை அந்தப் பக்கம் திருப்பிக்கொண்டு, ஒரே ஒரு பிளேட்டுதான் டாடி, ஆறே ஆறு பூரி, அதுக்கு அம்மா கிட்னிய நாசம் பண்ணிட்டேன்ல என்றாள். அப்போதும் சொல்லவில்லை பார். ஆட்டோக்காரர் இருக்கிறார் என்று எனக்கு நானே சாக்குச் சொல்லிக்கொண்டேன். அதனால்தான் முதலில் உனக்கு எழுதுகிறேன். எழுதிவிட்டால் பின்வாங்க முடியாது.

நிற்க. மேலே எழுதியதெல்லாம் நேற்று. இன்று ஞாயிறு. காலையில் இருவரையும் உட்காரவைத்து இந்தக் கடிதத்தை முதல் வரியிலிருந்து வாசித்தேன். இரண்டு இடத்தில் நிறுத்தி மறுபடி வாசித்தேன். முடித்ததும் ஹெலினா என்னைத் திட்டுவாள் என்று தலையைக் குனிந்துகொண்டிருந்தேன். அவள் என் பக்கமே திரும்பவில்லை. அம்மாவைப் பார்த்து, நான் இல்லம்மா, அம்மா, நான் இல்லம்மா என்று மட்டும் சொல்லிக்கொண்டே இருந்தாள். அம்மா அவளை இழுத்து மடியில் போட்டுக்கொண்டு அழுதாள். மணி எட்டாகிவிட்டது. நான் குழாயடிக்குப் போய்ச் சோப்புப் போட்டு, முழங்கை வரைக்கும் தேய்த்துக் கழுவிக்கொண்டு வந்தேன். அதற்குள் அம்மா மாத்திரையைக் கொடுத்து முடித்திருந்தாள். ஈரக் கையோடு அங்கேயே நின்றேன்.

உன்னிடம் ஒன்று கேட்கிறேன். இது கிடைத்ததும் எனக்குப் போன் பண்ணாதே, தங்கச்சிக்குப் பண்ணு. குட்டிக்குப் பள்ளிக்கூடத்திலிருந்து வயிறு சரியில்லாமல் வந்தால் வெட்கப்படாமல் எல்லாரிடமும் சொல், கையைச் சோப்புப் போட்டுக் கழுவச் சொல், நோயாளி இருக்கிற வீட்டுக்கு நாலு நாளாவது போகாதே. சின்ன வயிற்றுவலிதானே என்று மட்டும் நினைக்காதே. ஆண்டவர் உங்கள் மூவரையும் தம் சிறகின் கீழ் வைத்துக் காப்பாராக. ஹெலினாவுக்காக ஜெபம் பண்ணு, என்னை மன்னிக்க மனம் வந்தால் எனக்காகவும்.

உன் டாடி,
பால்ராஜ்