திரைக்கு இடதுபுறம்

மார்ச் 4, 2025. ரேணிகுண்டா

டாக்டர் இன்றும் அதையேதான் சொன்னார். ஜனவரியில் மூளையில் வந்த அடைப்பில் இரண்டு கண்ணிலும் இடது பாதிப் பார்வை போய்விட்டது. போனது போனதுதான். இனி வண்டி ஓட்டக் கூடாது. பதினான்கு வருஷம் ஏர்போர்ட் டாக்சி ஓட்டியவனிடம் எவ்வளவு சுலபமாகச் சொல்லிவிட்டார்.

மத்தியானம் தட்டில் இடதுபக்கம் இருந்த பொரியலைப் பார்க்காமலே எழுந்துவிட்டேன். என் மனைவி யூனிஸ் தட்டைத் திருப்பி வைத்தாள்.

மார்ச் 19

பவன்குமார் வந்து திருப்பதிக்குக் கூட்டிப்போனான். முன்பு என்னோடு டாக்சி ஓட்டியவன், இப்போது அங்கே கார் ரேஸ் கேம் சென்டர் வைத்திருக்கிறான். நிஜக் கார் சீட், ஸ்டியரிங், பெடல், முன்னால் ஒரு திரை. "சும்மா உக்காருன்னா. இங்க யார இடிச்சாலும் கேசு கெடையாது" என்றான்.

மூன்றாவது வளைவில் இடது சுவரில் மோதினேன். சுவர் இருந்ததே தெரியாது.

மார்ச் 27

பவன் கேமராவை மாற்றிப் பார்த்தான். பார்வைக் கோணத்தை அகலமாக்கினால் சாலையின் இரண்டு ஓரமும் சுருங்கித் திரைக்குள் வந்துவிடுகின்றன. சீட்டைத் திரையின் இடது விளிம்புக்கு நேராக நகர்த்தச் சொன்னேன். அந்த விளிம்பையே பார்த்தால் முழுத் திரையும் என் நல்ல பாதிக்குள் விழுகிறது.

ஒரு சுற்று முழுக்க எங்கேயும் இடிக்கவில்லை. வரும்போது பஸ்ஸில் அழுதேன்.

ஏப்ரல் 8

பவனையே முந்திவிட்டேன். யூனிஸிடம் சொன்னேன். பீன்ஸ் நறுக்கிக்கொண்டே, "கேம்ல ஓட்டுங்க. கார் சாவி என்கிட்டயே இருக்கட்டும்" என்றாள்.

நீயும் டாக்டர் மாதிரியே பேசு — கத்திவிட்டேன். மகள் ஈவ்லின் பாடப் புத்தகத்தை எடுத்துக்கொண்டு வெளியே போய்விட்டாள்.

ஏப்ரல் 20. ஈஸ்டர்

அம்மாவும் மகளும் ஆராதனைக்குப் போனதும் பீரோவிலிருந்து சாவியை எடுத்தேன். திரையில் ஓட்டிய மாதிரியே தலையை இடதுபக்கம் திருப்பி வைத்துக்கொண்டு ஓட்டினேன். எங்கள் தெரு சரியாகப் போனது. முனையில் வலதுபக்கமிருந்து லாரி வந்தது. கண் தானாக அதன் பக்கம் போனது. ஒரு நொடி. இடதுபக்கம் டம்மென்று சத்தம்.

பூக்காரி ரத்னம்மா. கீழே உட்கார்ந்து முழங்கையைப் பிடித்துக்கொண்டிருந்தாள். சாலையெல்லாம் மல்லி. "இன்னா ஆசிரு, நீ பாத்துக்கினுதான் வரேன்னு நெனச்சேனே" என்றாள்.

பாத்துக்கினுதான் வந்தேன். கடவுளே.

ஏப்ரல் 21

யூனிஸ் திட்டவில்லை. ரத்னம்மாவை ஆஸ்பத்திரிக்கு அவளே கூட்டிப்போனாள். எலும்பு முறியவில்லை. தலையில் பட்டிருந்தால்?

மே 2

நிஜக் காரில் தெரிகிற மாதிரியே வை என்று பவனிடம் கேட்டேன். "வத்தன்னா, வேணாம்" என்றான். நான் விடவில்லை.

என் கண்ணிலிருந்து திரை எவ்வளவு தூரம் என்று டேப் பிடித்து அளந்தான். இரண்டு பக்கமும் ஒவ்வொரு திரை சேர்த்தான். கேமராவை ஓட்டுகிறவனின் கண் உயரத்துக்கு இறக்கினான். கணக்குப் போட்டுக் கோணத்தைச் சரிசெய்தான். சீட்டை நடுவில் வைத்தான். ரேஸ் மைதானம் வேண்டாம், வண்டிகள் போகிற சாலையைப் போடச் சொன்னேன்.

இடதுபக்கம் வந்த பைக், கார், வேன் எல்லாம் மோதிய பிறகுதான் எனக்கு இருந்தன.

இப்போது புரிகிறது. ஒற்றைத் திரையில், திரைக்கு வெளியே இடதுபக்கம் என்று ஒன்றே கிடையாது. அங்கே எந்த டிரைவருக்கும் அது தெரியாது. அதனால்தான் ஜெயித்தேன். சாலையில் இடதுபக்கம் இருக்கிறது. அங்கே மனிதர்கள் நடக்கிறார்கள்.

"போதும்னா" என்று பவன் அணைத்தான். டீ குடித்தோம்.

மே 3

லைசென்சை யூனிஸிடம் கொடுத்துவிட்டேன்.

ஜூன் 10

காரை விற்கலாம் என்றேன். "எதுக்கு விக்கணும்? நான் கத்துக்கறேன்" என்றாள் யூனிஸ்.

முதலில் பவன் கடையில் பழகுகிறாள். என்னைவிடக் குள்ளம், அதனால் கேமராவை இன்னும் இறக்கி வைத்தேன். கோணத்தை அகலமாக்கினால் சுலபமாமே என்று கேட்டாள். வேண்டாம், ரோட்டில் எப்படித் தெரியுமோ அப்படியே பழகு என்றேன்.

ஆகஸ்ட் 24. ஞாயிறு

சித்தூர் சர்ச்சுக்குப் போனோம். லைசென்ஸ் வந்தபின் யூனிஸ் இவ்வளவு தூரம் ஓட்டுவது இதுதான் முதல் தடவை. ஈவ்லின் பின்னால் தூங்கிவிட்டாள். சந்திரகிரி தாண்டும்வரை என் கால் இல்லாத பிரேக்கைத் தேடிக்கொண்டே இருந்தது. அப்புறம் விட்டுவிட்டது.

இடது சீட்டில் உட்கார்ந்தால் ஓட்டுகிறவள் என் நல்ல பாதிக்குள் வருகிறாள். கீழுதட்டைக் கடித்துக்கொள்கிறாள். ஹாரன் அடிக்கக் கூச்சப்படுகிறாள். கண்ணாடியைப் பார்க்கும்போது புருவம் உயர்கிறது. இத்தனை வருஷம் பக்கத்தில் வைத்து ஓட்டியிருக்கிறேன், நான் பார்த்ததெல்லாம் சாலைதான்.

"என்னையே ஏன் பாத்துக்கினு வர்றீங்க? ரோட்டப் பாருங்க" என்றாள்.

நீ பார்த்துக்கொள் என்றேன்.