அறிவிப்புப் பலகையில் உன் மகள் பெயர்

என் உயிரான லெச்சுமி அக்காவுக்கு,

நீ போன இடத்தில் சாரல் உண்டா? இங்கே குற்றாலத்தில் விடாமல் அடிக்கிறது. ஐந்தருவி ரோட்டில் கார்கள் நகரவில்லை. ஊர் உலகமெல்லாம் குளிர்ந்துபோக வந்திருக்கிறது, எனக்கு மட்டும் உடம்பு எரிகிறது. உட்கார்ந்தால் எழுந்திருக்கத் தோன்றுகிறது, எழுந்தால் எங்கே போவதென்று தெரியவில்லை. யாரிடம் சொன்னாலும் உடனே ஒரு யோசனை சொல்லிவிடுகிறார்கள். அதனால்தான் உனக்கு எழுதுகிறேன். இருந்தபோது நீ என்னைப் பேசவிட்டதே இல்லை, இப்போதாவது கேள்.

உன் மகள் செண்பகாவுக்குக் கல்யாணம். மாப்பிள்ளை பெயர் ஆஷிக். தென்காசியில் அவள் வேலை பார்க்கும் ஸ்கேன் சென்டரில் எக்ஸ்ரே எடுக்கிற பையன். ஆமாம், முஸ்லிம் பையன்தான். நீ நெஞ்சில் கை வைப்பது எனக்குத் தெரிகிறது. கொஞ்சம் பொறு.

இதை அவள் என்னிடம் சொல்லவில்லை. பத்திர ஆபீஸ் அறிவிப்புப் பலகைதான் சொன்னது. அந்த வாசலில்தானே இத்தனை வருஷமாகப் பத்திரம் எழுதிப் பிழைக்கிறேன். மனை வாங்க சுரண்டையிலிருந்து வந்த ஒருவர், காத்திருந்த நேரத்தில் பலகையைப் படித்திருக்கிறார்.

"அண்ணாச்சி, இங்கன சுந்தரபாண்டியபுரத்துப் பிள்ள பேரு ஒண்ணு கெடக்கே. ஒங்க அக்கா மவள்லா?"

நான் எழுந்து போவதற்குள் செல்போனில் படம் எடுத்துவிட்டார். கெட்ட மனுஷர் இல்லை. எதைக் கண்டாலும் நாலு பேருக்கு அனுப்புகிற காலம் இது. சாயங்காலம் அந்தப் படம் நம் சொந்தக்காரர்கள் வாட்ஸப் குழுவுக்கே வந்து சேர்ந்தது. அதற்குள் எங்கெங்கே சுற்றியதோ, யார் கண்டது?

கோயிலில் தாலி கட்டிக்கொண்டு வந்து பதிகிறவர்களுக்கு இந்தப் பலகை கிடையாது. நிக்காஹ் முடித்தவர்களுக்கும் கிடையாது. யாரும் மதம் மாறவேண்டாம், அவரவர் அவரவராகவே இருப்போம் என்கிற ஜோடிக்குத்தான் சிறப்புத் திருமணச் சட்டம். அதற்கு மட்டும் முப்பது நாள் பெயர், வயது, விலாசம் எல்லாம் பலகையில் தொங்கவேண்டும். யார் வேண்டுமானாலும் ஆட்சேபணை கொடுக்கலாம். ஒரு சென்ட் நிலத்துக்கு வில்லங்கம் பார்ப்பதென்றாலும் சர்வே நம்பராவது தெரியவேண்டும் அக்கா. ஒரு பெண் எந்தத் தெருவில் குடியிருக்கிறாள் என்பதை மட்டும் போகிற வருகிறவன் சும்மா நின்று படிக்கலாம். இதை மாற்றவேண்டும் என்று பெரிய கோர்ட்டுகள் வரை போய்க் கேட்டவர்கள் உண்டு. பலகை அப்படியேதான் இருக்கிறது.

மறுநாள் காலையிலேயே அத்தான் வந்துவிட்டார். சூரியகாந்தி பூத்துவிட்டதால் செல்ஃபி எடுக்க வயலுக்குள் இறங்குகிறவர்களை விரட்டுவதுதான் இப்போது அவருக்கு முழுநேர வேலை. அந்தக் கம்போடு அப்படியே பஸ் ஏறி வந்திருந்தார்.

"ஏலே சங்கரா, ஒரு ஆட்சேபணை எழுது."

"என்னன்னு எழுத அத்தான்?"

"முறைப் பையன் இருக்கான்னு எழுது. ஒன் மவன் மணி இருக்காம்லா? தாய்மாமன் மவன் இருக்கும்போது அசலான் எப்படிக் கட்டுவான்னு கேளு."

எனக்குச் சிரிப்புதான் வந்தது. அந்தச் சட்டம் கேட்பது நாலே விஷயம்தான். வயது வந்துவிட்டதா, ஏற்கெனவே கல்யாணம் ஆகி இருக்கிறதா, புத்தி சுவாதீனம் உண்டா, ரெண்டு பேரும் நெருங்கிய உறவா. அசலான் என்பது அதில் ஒரு குறையே இல்லை, உறவுதான் குறை. மாமன் மகள், அத்தை மகள் எல்லாம் தடைப் பட்டியலில் இருக்கிறார்கள். உங்களுக்குள் அப்படி வழக்கம் உண்டென்றால் போய்த் தொலையுங்கள் என்று ஒரு சலுகை, அவ்வளவுதான்.

"அத்தான், இந்தச் சட்டத்துக்குப் பிடிக்காத மாப்பிள்ள மணிதான். நீங்களே அத்த மவன்னுதான எங்கக்காவக் கட்டுனிய? அன்னைக்கு இந்தப் பலகையில போட்டிருந்தா நீங்கதான் மாட்டியிருப்பிய."

"வெளயாடுதியா லே? ஊருக்குள்ள தல காட்ட முடியல. எழுதுதியா இல்லியா?"

"எழுத மாட்டேன்."

"நீ இல்லாட்டா எழுத ஆளா இல்ல?" என்று எழுந்து போனார். நீ போனபிறகு தானே சமைத்து, தானே சாப்பிட்டு, மெலிந்துவிட்டார் அக்கா. அவர் போவதைப் பார்த்துக்கொண்டிருக்க முடியவில்லை.

அவர் போன சூட்டோடு ஆஷிக்கின் வாப்பா வந்தார். வளைகுடாவில் பாதி ஆயுளைக் கழித்துவிட்டுத் திரும்பியவர். நான் யாரென்று தெரியாமல் அதே பெஞ்சில் உட்கார்ந்து அவரும் ஒரு ஆட்சேபணை எழுதச் சொன்னார். இரண்டு வீட்டுக்கும் இந்த ஒன்றில்தான் ஒற்றுமை.

"எனக்கு யார் மேலயும் வெறுப்பு இல்ல அண்ணாச்சி. வீட்ல அவன் உம்மா சோறு தண்ணி இல்லாம கெடக்கா. பையனுக்குப் புத்தி சரியில்லன்னு எழுத முடியாதா?"

"காதலிச்சதுக்கு எந்த டாக்டர் சர்டிபிகேட் கொடுப்பான் பாய்?" என்றேன். சிரித்தார். சிரித்துக்கொண்டே இருந்தவர் துண்டால் முகத்தை மூடிக்கொண்டார். நான் பெண்ணின் தாய்மாமன் என்று சொன்னேன். கொஞ்ச நேரம் என் கையைப் பிடித்துக்கொண்டு இருந்துவிட்டு எழுந்து போனார்.

செண்பகாவைக் குற்றாலத்தில்தான் பார்த்தேன். எங்கே தங்கியிருக்கிறாள் என்று எழுதமாட்டேன், இந்தக் கடிதம் யார் கையில் சிக்குமோ. பேரருவிக்குப் போகிற கூட்டத்துக்கு நடுவே ஒரு பஜ்ஜிக் கடையில் நின்றோம். கூட்டம்தான் இப்போது அவளுக்குப் பாதுகாப்பாம்.

"தெரியாத ஆளுங்க நாலஞ்சு பேரு அந்தப் படத்தக் காட்டி சென்டர்ல என்னப் பத்திக் கேட்டிருக்காங்க மாமா. ஓனரு கொஞ்ச நாளைக்கி வராதம்மான்னுட்டாரு. சாட்சிக் கையெழுத்துக்கு மூணு பேரு வேணும். ரெண்டு பேரு இருக்காங்க, மூணாவது ஆளு பயந்து வெலகிட்டாரு."

"என்கிட்ட ஏன் முன்னயே சொல்லல?"

"சொன்னா நீங்க அழுவிய. ஒங்க அழுகையப் பாத்தா எனக்கு மனசு மாறிரும்." பஜ்ஜியைத் தொடாமலே கேட்டாள். "அம்மா இருந்தா வந்திருப்பாளா மாமா?"

பஜ்ஜியை அவள் பக்கம் தள்ளினேன். நீ முதலில் அவளை அடித்திருப்பாய். ஒரு வாரம் பேசாமல் இருந்திருப்பாய். அப்புறம்? அந்த அப்புறம்தான் எனக்குத் தெரியவில்லை அக்கா.

அத்தானுக்கு யாரோ எழுதிக் கொடுத்துவிட்டார்கள், முறைப் பையன் உள்ளார் என்றே. சார்பதிவாளர் விசாரணைக்கு அழைத்தார். முறைப் பையனின் தகப்பன் என்று என்னையும் கூப்பிட்டார். மணியிடம் முதலிலேயே போனில் பேசிவிட்டேன். "எனக்கு அவ ஃப்ரெண்டுப்பா. என் பேர இதுல இழுக்காதிய," என்றான். உள்ளே அத்தான் என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். நான் வாய் திறந்தால் அவர் பக்கம்தான் பேசுவேன் என்று கடைசி வரைக்கும் நம்பினார்.

"உங்களுக்கு ஆட்சேபணை உண்டா?" என்று சார்பதிவாளர் அம்மையார் கேட்டார்.

"இல்லை மேடம். என் மகனுக்காக யாரும் பெண் கேட்கவில்லை."

அதற்குமேல் விசாரிக்க ஒன்றுமில்லை, ஆட்சேபணை தள்ளுபடி. அத்தான் வெளியே சாரலில் நனைந்துகொண்டு நின்றார். குடை பிடிக்கப் போனேன், கையைத் தட்டிவிட்டார்.

"ஒங்கக்கா இருந்தா இப்படிச் சொல்லிருப்பியா லே?"

மகளும் உன்னைத்தான் கேட்கிறாள், தகப்பனும் உன்னைத்தான் கேட்கிறார். நடுவில் நான் உனக்குப் பதிலாளாக நிற்கிறேன். பத்திரத்தில் என்றால் அதிகாரம் கொடுத்தவர் கையெழுத்து வேண்டும். நீ எனக்கு எதையும் கொடுத்துவிட்டுப் போகவில்லையே. நாளைக்கு எவனாவது வாசலில் வந்து கூச்சல் போட்டால்? இனி என்னிடம் பத்திரம் எழுத நம் ஆட்கள் வராமல் போனால்? பயமாகத்தான் இருக்கிறது. ஆனால் நீ சரி என்று சொல்வதற்காக அவளைக் காக்கவைக்க முடியாது. நீ இனிமேல் சொல்லமாட்டாய்.

அதனால் நானே முடிவு செய்துவிட்டேன். மூன்றாவது சாட்சி நான். பலகையின் முப்பது நாளும் இன்றோடு முடிந்தது; நாளைக் காலையில், எல்லோரும் பார்க்க, கையெழுத்துப் போடுவேன். பெண்ணுக்குத் தாய்மாமன் போடவேண்டிய மாலையையும் வாங்கிக்கொண்டு போவேன். அவளை அனுப்பிவைத்துவிட்டு நேரே சுந்தரபாண்டியபுரத்துக்குப் பஸ் ஏறுவேன். அத்தான் ஏசினால் கேட்டுக்கொள்வேன், அடித்தால் வாங்கிக்கொள்வேன். அவர் ஒருவாய் சாப்பிடாமல் அந்த வீட்டை விட்டு நகரமாட்டேன். இது உன்மேல் சத்தியம்.

உன் தம்பி,
உன் மகளுக்குத் தாய்மாமன்,
சங்கரன்